கடுங்கார மிளகாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சமையற்கட்டில் புழங்கும் பதார்த்தங்களுள், மிளகாயைப் போல விருப்பத்தையும் அச்சத்தையும் ஒருங்கே பெற்ற வஸ்து வேறொன்றைக் காண்பது அரிது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்நாட்டில் கரையேறிய அந்த அமெரிக்கச் செடி, அதற்கு முன்பு மிளகும் திப்பிலியும் வகித்துவந்த ஸ்தானத்தைக் காலக்கிரமத்தில் தனதாக்கிக்கொண்டதோடு, தன்னைப் பற்றிய பல நம்பிக்கைகளையும் நம் வீடுகளில் நிலைபெறச் செய்துவிட்டது. இராமநாதபுரத்து முண்டு மிளகாயையும் சம்பா வற்றலையும் கொண்டு சமைத்தவரையில், அந்நம்பிக்கைகளை ஆராய்ந்து பார்க்கவேண்டிய அவசியம் அதிகம் இருந்ததில்லை; பிழை நேர்ந்தாலும் ஒரு குவளை மோரோடு அது தீர்ந்துபோயிற்று. ஆனால் கன்னியாகுமரிப் பக்கத்துக் காந்தாரியையும் மிஞ்சிய வடகிழக்கு மலைநாட்டு மிளகாய், நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா என்றும் அஸ்ஸாமில் பூத் ஜொலோக்கியா என்றும் மணிப்பூரில் ஊமொரோக் என்றும் வழங்குவது, ஒரு வீட்டின் அடுக்களைக்குள் வந்து சேருமானால், பழைய அபிப்பிராயங்களைக் கொண்டே காரியம் நடத்துவது விரலுக்கும் கண்ணுக்கும், ஒரு விஷயத்தில் உயிருக்குமே, அபாயமாகும்.

அந்த மிளகாயின் உக்கிரம் எவ்வளவு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். அமெரிக்க மருந்தாளுநரான வில்பர் ஸ்கோவில் என்பவர், மிளகாய்ச் சத்தைச் சர்க்கரை நீரில் மேன்மேலும் கரைத்து, எத்தனை மடங்கு கரைத்தபின் காரம் நாவுக்குப் புலப்படாமற் போகிறது என்று கணக்கிடும் முறையை 1912-இல் வகுத்தார். அவர் பெயராலேயே வழங்கும் அந்த அளவையில், நாம் அன்றாடம் வாங்கும் குண்டூர் வற்றல் சில பத்தாயிரங்களில் நிற்க, பூத் ஜொலோக்கியா பத்து லட்சத்தைத் தாண்டி, 2007-இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. குழம்புக்கு எட்டு வற்றல் கிள்ளிப் போடும் கைப்பழக்கம் இங்கே செல்லாது. ஒரு பழத்தில் ஒரு துண்டே ஒரு குடும்பத்துக்குப் போதுமானது.

இனி நம்பிக்கைகளுக்கு வருவோம். மிளகாயின் காரம் அதன் விதையில் இருக்கிறது என்பது ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயம். உண்மையில் விதை காரத்தை உண்டாக்குவதில்லை. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் சத்து, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிற நரம்பில் சுரக்கிறது. விதை அந்த நரம்போடு உறவாடுவதால் அதன் மேற்புறத்தில் காரம் படிகிறதேயன்றி வேறில்லை. ஆகையால் சாதாரண மிளகாயில் விதையை மட்டும் உதிர்த்துவிட்டு நரம்பை விட்டுவைப்பது பெரும்பாலும் வீண் சிரமம். நரம்பைச் சுரண்டி எடுப்பதே பயன் தரும். இதைத் தெரிந்துகொண்டவர்களும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. பூத் ஜொலோக்கியா போன்ற கடுங்கார வகைகளில், நரம்பில் மட்டுமன்றிப் பழத்தின் உட்சுவர் முழுவதிலும் கேப்சைசின் சுரக்கும் நுண்பைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்திருக்கிறார்கள். நரம்பை நீக்கிவிட்டோம், இனிப் பயமில்லை என்ற தைரியத்தோடு அதன் தோலைக் கறியில் அரிந்து போடுகிறவர், காரத்தில் பெரும்பகுதியைக் கறியிலேயே போட்டுவிட்டார் என்று அறியவேண்டும்.

சிவப்பு மிகுந்தால் காரமும் மிகும் என்பது பார்வையால் ஏற்படும் மயக்கம். நிறத்தைத் தருவது வேறு சத்து, காரத்தைத் தருவது வேறு சத்து. கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் இரத்தச் சிவப்பை வாரி வழங்கியும் காரத்தில் அடக்கமாக இருப்பதே இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. சிறுத்ததே காரம் என்னும் சொல்லும் காந்தாரிக்குப் பொருந்துமேயன்றி, விரல் நீளமும் கட்டைவிரல் பருமனும் உடைய பூத் ஜொலோக்கியாவுக்குப் பொருந்தாது.

கொதிக்கக் கொதிக்கக் காரம் அடங்கிவிடும் என்று நம்பி அடுப்பைத் தணிக்காமல் காத்திருக்கிறவர்கள் பலர். கேப்சைசின் சாதாரணச் சமையல் வெப்பத்தில் எளிதில் அழியும் தன்மையதன்று. நீரில் அது கரைவது மிகச் சொற்பம். கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே தாளிக்கும் எண்ணெயில் முதலில் இட்ட மிளகாய், தன் காரத்தை அந்த எண்ணெய்க்குக் கொடுத்து, எண்ணெய் செல்லும் இடமெல்லாம் பரவச் செய்கிறது. நேரம் கூடக்கூடக் காரம் மறைவதற்குப் பதிலாகச் சமமாகப் பரவுகிறது. காரம் தேவையான அளவுக்கு இறங்கியதும் முழு மிளகாயை அப்படியே வெளியே எடுத்துவிடுவதே, கடுங்கார வகைகளைக் கையாள்வதில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த உபாயம். பழத்தைக் கீறாமல், காம்போடு இட்டால் எடுப்பதும் சுலபம். மிஞ்சிப்போன காரத்தை உருளைக்கிழங்கு உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் சரியன்று. கிழங்கு காரத்தைத் தேடிப் பிடித்து இழுப்பதில்லை. குழம்பின் அளவை மிகுதியாக்குவதால் ஒவ்வொரு கவளத்திலும் காரம் சற்றுக் குறைகிறது, அவ்வளவே. தேங்காய்ப்பாலும் தயிரும் நெய்யும் அதனினும் நன்றாக உதவும். சிறிது வெல்லமும் நாவுக்கு ஆறுதல் தரும்.

வாயெரியும்போது தண்ணீரை நாடுவது இயல்புதான். ஆயினும் அது நீரில் கரையாத சத்தை வாய் முழுவதும் இழுத்துச் செல்வதோடு நின்றுவிடுகிறது. வெந்நீரோ எரிச்சலை அதிகப்படுத்தும். ஏனெனில், கேப்சைசின் பற்றிக்கொள்ளும் நரம்புக் கதவு, சுமார் 43 பாகை வெப்பத்தை உணரவென்றே அமைந்த கதவு. அதை 1997-இல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் என்னும் விஞ்ஞானிக்கு 2021-இல் நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் காரத்தைப் பற்றி நாவினின்றும் அகற்றுகிறது. நம் முன்னோர் காரச் சாப்பாட்டைத் தயிர்ச் சாதத்தில் முடித்ததை விஞ்ஞானம் இவ்விதம் ஆமோதிக்கிறது. கைக்கும் இதே நியாயந்தான். மிளகாய் அரிந்த கையை வெறும் நீரில் அலம்பிவிட்டுக் கண்ணைத் தொடுகிறவர் படும் பாடு சொல்லி முடியாது. முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் தேய்த்து, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவவேண்டும். கடுங்கார வகைகளுக்குக் கையுறை அவசியம். மிக்ஸியில் அரைத்தால், பொடி அடங்குமுன் மூடியைத் திறக்கலாகாது.

வறுப்பதைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பிலிட்டு, நெடி வராவிட்டால் கண்ணேறு இருந்தது என்று கொள்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். அந்த வழக்கத்திலுள்ள தாயன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எனினும் காரணம் அடுப்பில்தான் இருக்கிறது: கொழுந்துவிட்டெரியும் தீயில் விழுந்த மிளகாயில் கேப்சைசின் சத்தே எரிந்து சிதைந்துவிடுகிறது, மிதமாகச் சுட்ட வாணலியிலோ அது சிதையாமல் ஆவியோடும் புகையோடும் கலந்து, தொண்டையைக் கமறச் செய்கிறது. ஆகையால் கடுங்கார வற்றலை மூடிய அறையில் வறுப்பது, முக்கியமாக ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில், கூடவே கூடாது.

எல்லாவற்றினும் அபாயமானதும், நான் இவ்வளவும் எழுத நேர்ந்ததற்கு முக்கிய காரணமானதும் ஆகிய நம்பிக்கை, இவ்வளவு காரமான பொருளைக் கிருமி அண்டாது, ஆகவே அது தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது. இதில் அரை உண்மை ஒன்று உண்டு. பொலிவியாவின் காட்டு மிளகாய்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வொன்று, பூச்சி துளைத்த பழங்களில் புகும் பூஞ்சையிலிருந்து விதைகளைக் கேப்சைசின் ஓரளவு காக்கிறது என்று காட்டியது. ஆனால் செடியிலுள்ள பழத்துக்கு ஒரு பூஞ்சையிடமிருந்து கிடைக்கும் அந்தப் பாதுகாப்பை, புட்டியில் அடைத்த மிளகாய்க்கு எல்லாக் கிருமிகளிடமிருந்தும் எதிர்பார்ப்பது பேதைமை. சரியாக உலராத வற்றலில் பூஞ்சை பூக்கிறது. அந்தப் பூஞ்சையில் ஒரு வகை, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. அந்த விஷம் வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முற்றும் போவதில்லை. பூஞ்சை பிடித்த வற்றலைத் துடைத்து உபயோகிப்பது சிக்கனமன்று. வற்றல் ஒடித்தால் முறியும் பதத்துக்குக் காய்ந்த பிறகே, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கவேண்டும்.

பச்சையாக வைப்பதானால், ஈரத்தை நன்றாகத் துடைத்து, உலர்ந்த காகிதத்திலோ துணியிலோ சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். நீண்டநாள் வேண்டுமென்றால் உறைநிலைப் பகுதியில் முழுசாகவே வைப்பது உத்தமம்; பழம் தளர்ந்துபோகுமேயன்றி, உறையவைத்தால் காரம் போய்விடும் என்று சிலர் சொல்வதற்கு ஆதாரமில்லை.

பச்சைமிளகாயை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைப்பதுதான் உயிருக்கு உலை வைப்பது. எண்ணெய் காற்றைத் தடுப்பதால் கெடாது என்று எண்ணுகிறோம். காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடத்தைத்தான் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி விரும்புகிறது. அதன் வித்துக்கள் மண்ணில் எங்கும் உள்ளவை. சாதாரணக் கொதிநிலையில் சாகாதவை. 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலுள்ள பான்டியாக் நகரில், வீட்டு முறையில் புட்டியிலடைத்த ஹாலப்பினோ மிளகாயை உணவகத்தில் உண்டு 59 பேர் இந்நோயில் வீழ்ந்தார்கள். மிளகாயின் காரம் அவர்களைக் காக்கவில்லை. நம் ஊறுகாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தீங்கின்றி வந்திருப்பதற்குக் காரணம் எண்ணெயன்று; எலுமிச்சை போன்றவற்றின் புளிப்பும், தாராளமான உப்பும், வெயிலில் ஈரம் வற்றியதுமே. மோர் மிளகாயில் இம்மூன்றும் சேர்ந்திருக்கின்றன. எனவே கடுங்கார மிளகாயைப் புட்டியில் இடுவதானால் வினிகரில் முழுதும் மூழ்கும்படி இடுங்கள். எண்ணெயில் வேண்டுமென்றால் முற்றிலும் உலர்ந்த வற்றலை இடுங்கள். பச்சைமிளகாயை எண்ணெயில் இட்டே தீரவேண்டுமென்றால், குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். பாட்டுலிசக் கிருமி உண்டாக்கும் விஷத்துக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. புளிப்பும் உப்பும் சேராத பச்சைமிளகாய் எண்ணெயில் ஊறும் புட்டி ஒன்று உங்கள் அலமாரியில் வாரக்கணக்கில் இருக்குமானால், முகர்ந்தோ சுவைத்தோ சோதிக்காமல், இன்றே அதை அப்புறப்படுத்திவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.