ரத்தம் குறைந்தால் டானிக் மட்டும் போதாது

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்றதும் வீட்டில் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் வந்துவிடும், கூடவே இரும்புச்சத்து டானிக். நல்ல சாப்பாடு யாருக்கும் வேண்டியதுதான். ஆனால் இந்தத் தொற்றில் ரத்தம் குறைவதற்கான காரணத்தைத் தட்டில் தேடுவதற்கு முன் எலும்பு மஜ்ஜையில் தேட வேண்டும் என்பதே என் அனுபவம் சொல்லும் முதல் பாடம். ஆரோக்கியமான மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அந்த வேகம் மந்தப்பட்டால் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் அதை எடுத்து வேலை செய்ய ஆளிருக்காது.

வைரஸ் தாக்குவது சிடி4 செல்களைத்தானே, ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல்லை அது பெரும்பாலும் தொடுவதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விதை நன்றாகவே இருந்தாலும் நாற்றங்கால் கெட்டால் பயிர் தேறாது. மஜ்ஜையில் ஸ்டெம் செல்லைச் சூழ்ந்து நின்று வளர்ச்சிக்கான சமிக்ஞை கொடுக்கும் தாங்கு செல்களையும் மேக்ரோபேஜ்களையும் வைரஸ் கெடுக்கிறது. நாள்பட்ட அழற்சியில் சுரக்கும் டிஎன்எஃப், காமா இன்டர்ஃபெரான் போன்றவை அணு உற்பத்தியை அடக்குகின்றன. சிவப்பணு உருவாக்கத்தைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினும் ரத்தசோகையின் அளவுக்கு ஏற்றபடி உயர்வதில்லை. அதே அழற்சி, இருக்கிற இரும்பையும் மேக்ரோபேஜ்களுக்குள் பூட்டிவிடுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ரத்தத்தைக் குறைப்பது வைரஸ் அல்ல, மாத்திரைதான் என்பது. அதில் பாதி உண்மை. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எச்.ஐ.வி. மருந்தான ஜிடோவுடின் மஜ்ஜையை அடக்கும். அதன் முதல் பெரிய ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் என்ற மிக அதிக அளவில் மருந்து பெற்றவர்களில் 24 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் 7.5 கிராமுக்குக் கீழே இறங்கியது. ஆனால் வெற்று மாத்திரை வாங்கியவர்களிலும் 4 சதவீதம் பேர் அந்த நிலைக்குப் போனார்கள். மருந்தே தொடாத அவர்களின் ரத்தத்தைக் குறைத்தது நோயும் அதன் கூட்டாளிகளும்தான். இன்னொரு சான்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மஜ்ஜைக்கு ஆகாதது என்று பெயர் வாங்கிய இதே ஜிடோவுடின், எச்.ஐ.வி.யால் பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு அதைக் கூட்டியது. பிளேட்லெட்டை உருவாக்கும் மெகாகாரியோசைட்டின் மேலேயே, வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி4 ஏற்பி இருப்பதால் வைரஸ் அதற்குள் நுழைய முடியும். வைரஸ் அடங்கியதும் உற்பத்தி மீள்கிறது. எனவே ரத்தம் குறைகிறதே என்று பயந்து ஏஆர்டி எனும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தாங்களாக நிறுத்துவது மஜ்ஜையை வைரஸிடமே திருப்பிக் கொடுப்பதாகும். மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இப்போது பரவலாகத் தரப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டில் ஜிடோவுடின் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிபிசி எனும் ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட் கைக்கு வந்தால் ஹீமோகுளோபின் வரியோடு நிறுத்தாதீர்கள். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்சிவி 100-ஐத் தாண்டியிருந்து, எடுப்பது ஜிடோவுடின் என்றால் அந்தப் பெருக்கம் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் பி12, ஃபோலேட் குறைவாலும் அப்படி வரலாம். இளம் சிவப்பணுவான ரெட்டிகுலோசைட்டின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் குறை உற்பத்தியில் இருக்கிறது என்று பொருள். நம் பெண்களில் பலருக்கு இரும்புக் குறைபாடு உண்மையிலேயே உண்டே என்பீர்கள். உண்டு, அதனால்தான் சோதித்துவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை அழற்சி உயர்த்திக் காட்டும், அதனால் அந்த எண் சரியாக இருந்தாலும் இரும்புக் குறைபாடு மறைந்திருக்கக்கூடும்.

சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து சரிந்து, காய்ச்சலும் விடாமல் இருந்தால் தாமதிக்கவே கூடாது. காசநோய்க் கிருமியோ பூஞ்சையோ மஜ்ஜைக்குள்ளேயே குடியேறியிருக்கலாம், லிம்ஃபோமாவும் இருக்கலாம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் பலர் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். இடத்தை மரக்கச் செய்துதான் ஊசி போடுவார்கள். உறிஞ்சும் சில நொடிகள் வலிக்கும். அந்த மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பதோடு காசநோய், பூஞ்சை கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சளியில் அகப்படாத கிருமி சிலருக்கு அங்கேதான் அகப்படும்.