மண்டலம் மாறினால் எண்ணும் மாறும்

கேள்வி: பம்ப் ஆலையின் கணக்கு மென்பொருளுக்காகப் பேக்கர் என்னும் கருவியில் அமேசான் கிளவுடுக்கான சர்வர் இமேஜ் தயாரிக்கிறேன். பாடநூலில் கண்ட ஏ.எம்.ஐ. (அமேசான் மெஷின் இமேஜ்) எண்ணை அப்படியே இட்டும், மும்பை மண்டலத்தில் அப்படியொன்று இல்லை என்று வருகிறதே, ஏன்?
— ஒரு வாசகர், பீளமேடு, கோவை

அன்பரே, கவலை வேண்டாம். தாங்கள் இட்ட எண் பிறிதொரு மண்டலத்துக்குரியது, அவ்வளவே. அமேசான் ஒவ்வொரு மண்டலத்திலும் இமேஜுக்கு வெவ்வேறு எண் வழங்குவதால், வர்ஜீனியாவில் வழங்கும் எண், 2016-இல் தொடங்கிய மும்பை மண்டலத்தில் செல்லுபடியாகாது.

ஆகவே அவ்வெண்ணையே நீக்கிவிட்டு, ரீஜன் 'ஏபி-சவுத்-1' என்று குறித்து, 'சோர்ஸ் ஏ.எம்.ஐ. ஃபில்டர்' என்னும் பகுதியில் உபுண்டு இமேஜின் பெயர் வடிவத்தையும், 'ஓனர்ஸ்' என்னுமிடத்தில் அதனை வெளியிடும் கனானிக்கலின் 099720109477 என்ற கணக்கு எண்ணையும், 'மோஸ்ட் ரீசென்ட்' என்பதற்கு 'ட்ரூ' என்பதையும் எழுதிவிட்டால், ஆகப் புதிய இமேஜைப் பேக்கரே தேடிக்கொள்ளும். உரிமையாளர் எண்ணை அது வற்புறுத்திக் கேட்பது வீண் சம்பிரதாயமன்று; அந்நியர் எவரேனும் அதே பெயரில் வெளியிட்ட இமேஜ் தங்கள் ஆலைக்குள் பிரவேசித்துவிடலாகாது என்பதற்காகவே.

இன்னொன்றையும் விசேஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். வார்ப்படச்சாலையில் பேட்டர்ன் கோணினால் அதைக்கொண்டு வார்க்கும் பம்ப் உறை அத்தனையும் கோணுவதைப் பார்த்து வளர்ந்தவர் தாங்கள். அவ்வண்ணமே, டேட்டாபேஸ் கடவுச்சொல்லை இமேஜுக்குள் பதித்தால் அதிலிருந்து எழும் சர்வர்கள் யாவும் அந்த ரகசியத்தைச் சுமக்கும். அதனைச் சர்வர் இயங்கத் தொடங்கும்போது வழங்குங்கள்.

எஸ்.எஸ்.எச். பயனர் பெயர் 'உபுண்டு' என்றே இருக்கட்டும். முதலில் 'பேக்கர் இனிட்', அடுத்து 'வேலிடேட்', அதன்பின் 'பில்ட்'.