கண்ணுக்கு இமை, சூரியக் கலத்துக்கு எது?



நற்பிட்டிமுனைக்கு மேற்கே வயலில் காவல் வாடி போட்டிருப்போருக்கு இரவில் ஒரு விளக்கின் அருமை தெரியும். 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது ஊர்மனையில் இருந்தவர்களும் அதை உணர்ந்தார்கள். "சோலர் பனலை நாமே செய்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் போரிலும் கடல்கோளிலும் இடம்பெயர்ந்து, வீட்டை மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய குடும்பத்திடம் வீணாக்கக் காசு இல்லை. ஆகவே கலத்தை எதனால் மூடுவது என்பதை இப்பாடத்தில் படிப்போம்.

கலத்தின் தன்மை

சூரியக் கலம் சிலிக்கனால் ஆனது. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர்; அப்பளம்போல் நொறுங்கும். ஒரு கலம் தருவது அரை வோல்ற்று அளவே. 12 வோல்ற்று பற்றரியை ஏற்ற 36 கலங்களைத் தொடராக இணைப்பது வழக்கம். தொடரில் ஒன்று பழுதானால் மற்றவற்றின் மின்னோட்டமும் குறையும். எனவே கலத்தை மூடும் பொருள் ஒளியை விடவேண்டும். ஈரத்தையும் உப்புக்காற்றையும் தடுக்கவேண்டும். வெயிலில் மஞ்சளாகக் கூடாது. சூட்டில் கலத்தோடு இசைந்து கொடுக்கவேண்டும்.

நாங்கள் விட்ட பிழை

எங்கள் முதல் பனலுக்குப் பைபர் படகு செய்யும் றெசினை ஊற்றினோம். கரையோரத்தில் அது எளிதில் கிடைக்கும். ஊற்றிய அன்று கண்ணாடிபோல் மின்னியது. கச்சான் காற்றுக் காலம் முடியுமுன் மஞ்சளானது. மாரி மழையோடு கலங்களில் மயிரிழைபோல் வெடிப்புகள் தெரிந்தன. கலங்களைப் பிரித்தெடுக்கவும் முடியவில்லை, அத்தனையும் நட்டம்.

காரணம் எளிது. வெயிலில் பனல் 60, 70 பாகை செல்சியஸ் வரை சூடாகும்; இரவில் குளிரும். சிலிக்கன் சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். றெசின் அதைவிடப் பல மடங்கு விரியும். இறுகிய றெசின் கலத்தை நாள்தோறும் இழுத்து இழுத்து உடைக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிர் அதை மஞ்சளாக்குகிறது. இறுகிய எப்பொக்சிக்கும் இதே குறை உண்டு.

எதைத் தெரிவது?

1. ஈவிஏ தாள்: தொழிற்சாலைகள் பெரும்பாலும் பயன்படுத்துவது இது. காற்றை உறிஞ்சி, ஏறத்தாழ 150 பாகைச் சூட்டில் உருக்கி ஒட்டுவார்கள். வீட்டில் ஸ்திரிப்பெட்டியால் ஒட்டினால் குமிழி நின்று, அதன் வழியே ஈரம் நுழையும். தரங்குறைந்த தாளும் பழுப்பாகும். 1980களில் கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில் கட்டிய பெரிய சூரிய நிலையத்தில் ஈவிஏ பழுப்பாகி மின் உற்பத்தி குறைந்தது.

2. இருபகுதித் தெளிந்த சிலிக்கோன்: இறுகிய பின்னும் இறப்பர்போல் மெதுவாக இருக்கும், வெயிலில் எளிதில் மஞ்சளாகாது. வீட்டு வேலைக்கு இதுவே ஏற்றது. விலைதான் அதிகம். 1 சதுர மீற்றர் பரப்பில் 1 மில்லிமீற்றர் தடிப்புக்கு 1 லீற்றர் வேண்டும். வாங்குமுன் கணக்குப் பாருங்கள். பற்றவைத்தபோது படிந்த பசையைத் துடைத்து உலர்த்திவிட்டு ஊற்றுங்கள். அந்தப் பசையும், இறப்பர்க் கையுறையில் உள்ள கந்தகமும் சிலவகைச் சிலிக்கோனை இறுக விடாது.

3. குழாயில் வரும் சிலிக்கோன்: இது ஓரங்களை அடைக்க மட்டும். முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் வேண்டாம். அந்த அமிலம் செப்புக் கம்பியையும் ஈயப் பற்றையும் அரிக்கும். அந்த மணமற்ற, 'நியூட்ரல்' என்று குறித்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மேலே கண்ணாடியே நல்லது. பதப்படுத்திய கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்ரிக் தகடு சூட்டில் வளையும், கீறல் விழும். பின்புறத்துக்குப் பலகை ஒட்டு வேண்டாம், மாரியில் ஊதும். உலோகத் தகடு வைத்தால் கலத்துக்கும் அதற்கும் இடையே மின்கடத்தாத் தாள் கட்டாயம்.

முதலில் சோதனை

உடைந்த கலத் துண்டு ஒன்றைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி மூடுங்கள். ஒரு கச்சானும் ஒரு மாரியும் கூரைமேல் கிடக்கட்டும். மஞ்சள், குமிழி, வெடிப்பு, பச்சைப் பூப்பு எதுவும் இல்லையென்றால் 36 கலத்துக்கும் ஊற்றுங்கள். ஊற்றும்போது கதவு யன்னல்களைத் திறந்து வையுங்கள். சிறுவரை அருகில் விடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா? இன்று கடைப் பனலின் விலை வெகுவாகக் குறைந்துவிட்டது; பல ஆண்டு உத்தரவாதமும் உண்டு. வீட்டுக்கூரைக்கு அதுவே பாதுகாப்பானது. கலங்கள் மலிவாகக் கிடைக்கும்போதும், வாடிக்குச் சிறு விளக்கு தேவைப்படும்போதும், தொழில் பழகவும் சொந்தச் செய்கை உதவும். உள்நாட்டுப் போர் கண்ட நிக்கராகுவாவில், தொத்தொகல்பா பகுதியின் கிராமத்தவர்கள், கண்ணிவெடியில் காயமுற்றோர் உட்பட, 1990களின் இறுதியிலிருந்து பனல் கோக்கப் பழகினார்கள். பின்னர் அங்குள்ள பெண்கள் அதைக் கூட்டுத் தொழிலாக்கினார்கள். நாமும் தனித்தனியே நட்டப்படாமல், ஒரு குழுவாக ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாமே.

கூடிக் கலந்துரையாட:

1. உங்கள் ஊர்க் கடையில் வினாகிரி மணமற்ற சிலிக்கோன் கிடைக்கிறதா? விலை என்ன?

2. ஒரு சிறு பனலைச் செய்யும் செலவையும் கடையில் வாங்கும் செலவையும் எழுதி ஒப்பிடுங்கள்.

3. சோதனைத் துண்டைக் கவனித்துக் குறிப்பெழுதும் பொறுப்பை யார் ஏற்பார்?