படம் போனது, பாட்டுப் புத்தகம் இருக்கிறது

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பி.யு. சின்னப்பா படங்களின் பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. சினிமாவுக்குப் பாட்டுப் புத்தகம் போடும் வழக்கம் எப்படி வந்தது? இவற்றைத் தேடிச் சிலர் ஊர் ஊராக அலைவது ஏன்?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: நாடகக் கொட்டகை தந்த வழக்கம் அது. நாடகப் பாடல்களை அச்சடித்துக் காசுக்கும் அணாவுக்கும் விற்றார்கள். 1931 அக்டோபர் 31இல் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' வெளியானபோது அதற்கும் பாட்டுப் புத்தகம் வந்தது. கிராமபோன் வாங்க வசதியில்லாத வீட்டுக்குள் சினிமாப் பாட்டு நுழைந்தது இந்தச் சில தாள்கள் வழியாகத்தான்.

அட்டையில் நடிகர் படம். உள்ளே நடிகர் பட்டியல், பாடல்கள், பலவற்றின் தலையில் ராகத்தின் பெயர். கதைச் சுருக்கம் மட்டும் முக்கியமான கட்டத்தில் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும்.

உங்கள் பெட்டியில் கிடைத்த புத்தகங்களின் நாயகன் சின்னப்பா புதுக்கோட்டை மண்ணின் பிள்ளை. 1916இல் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் இரட்டை வேடம் போட்டார். 'ஜகதலப்பிரதாபன்' (1944) கச்சேரிக் காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள்: பாடுபவரும் அவரே, மிருதங்கம் வாசிப்பவரும் அவரே! 1951இல் மறைந்தபோது வயது 35தான்.

அக்காலப் படங்கள் நைட்ரேட் பிலிமில் பதிவானவை. எளிதில் தீப்பிடிக்கும், சும்மா வைத்தாலும் நைந்து பொடியாகும். 'காளிதாஸ்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. யார் நடித்தார், என்ன பாடினார் என்று கேட்டால் பதில் சொல்வது பாட்டுப் புத்தகம். சேகரிப்பாளரின் தவிப்பு இதனால்தான்.

  

உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே ஒரு முன்னோடி இருந்தார்: காரைக்குடியை அடுத்த கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரம் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று.

உங்கள் புத்தகங்களின் நடுமடிப்பைப் பாருங்கள். கம்பிப் பின் துருவேறித் தாளில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கலாம். பின்னை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஈரம் படாத இடத்தில் தட்டையாக வைத்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.