சீரம் புரதப் பரிசோதனை: அறிக்கையைப் புரிந்துகொள்வோம்

பரிசோதனைச் சீட்டில் ‘சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ்’ என்னும் நீண்ட பெயரைக் கண்டு, இது எதற்காக என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் எங்களிடம் கேட்பதுண்டு. நீங்காத எலும்புவலி, காரணம் விளங்காத இரத்தசோகை, சிறுநீரகச் செயல்குறைவு, அடிக்கடி வரும் தொற்று ஆகியவற்றின் காரணத்தை ஆராயும்போது இப்பரிசோதனை பெரிதும் உதவுகிறது. அதன் முடிவைப் புரிந்துகொள்ளும் வழியை இங்கு விளக்குகிறோம்.

பரிசோதனை நடைபெறும் முறை

கையின் சிரையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுகிறது. அது உறைந்த பின் பிரித்தெடுக்கப்படும் இளமஞ்சள் நிறத் திரவமே சீரம். அதை மின்புலத்தில் வைக்கும்போது, புரதங்கள் தத்தம் மின்னூட்டத்திற்கு ஏற்ப வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து ஆல்புமின், ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா, காமா என ஐந்து பிரிவுகளாகின்றன. இம்முறையை 1930களில் செம்மைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிவியலாளர் ஆர்னே டிசேலியஸ், 1948ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

அறிக்கையிலுள்ள வரைபடம் மலைத்தொடரை ஒத்திருக்கும். முதலில் நிற்கும் உயர்ந்த சிகரம் ஆல்புமின். ஏனைய நான்கும் சிறு குன்றுகள்.

மொத்த அளவு மட்டும் போதாதா?

இரத்தத்தின் மொத்தப் புரத அளவு பொதுவாக டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை இருக்கும். ஆல்புமின் குறைந்து, அதே அளவு காமா கூடினால் இந்த எண் மாறாது; உள்ளிருக்கும் மாற்றம் மறைந்துவிடும். கல்லீரல் சுருக்க நோயில் இவ்வாறு நேரலாம். சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும் நோயிலோ ஆல்புமின் குறைந்து ஆல்ஃபா-2 உயரும். ஆகவேதான் பிரித்துப் பார்க்கவேண்டியுள்ளது.

அகன்ற மேடும் கூர்முனையும்

நோய் எதிர்ப்புப் புரதங்களுள் பெரும்பாலானவை காமா பகுதியில் அமைகின்றன. காசநோய் போன்ற நீடித்த தொற்றிலும் முடக்குவாதத்திலும் பலவகை எதிர்ப்புப் புரதங்கள் ஒருங்கே பெருகுவதால், அப்பகுதி அகன்ற மேடாக உயரும். மாறாக, ஒரே வகைப் பிளாஸ்மா அணுக்கள் பெருகி ஒரே வகைப் புரதத்தைச் சுரந்தால், ஒடுங்கிய கூர்முனை தோன்றும். அறிக்கையில் இது ‘எம் ஸ்பைக்’ அல்லது ‘எம் புரதம்’ எனக் குறிக்கப்படும்.

கூர்முனை என்றாலே புற்றுநோயா?

அன்று. மல்டிபிள் மைலோமா என்னும் இரத்தப் புற்றுநோயில் இது காணப்படும் என்பது உண்மையே. எனினும், 50 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரிடம், உறுப்புகளுக்குத் தீங்கு ஏதுமின்றி இப்புரதம் சிறிதளவு காணப்படுகிறது. ‘எம்.ஜி.யு.எஸ்.’ எனப்படும் இந்நிலையில் உள்ளோரில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் வீதமே மைலோமா போன்ற நோய்க்கு ஆளாகின்றனர். பெரும்பாலோர்க்குச் சிகிச்சை தேவையில்லை, கண்காணிப்பு தேவை. நலமாக இருக்கிறோம் என்று மறுபரிசோதனையைக் கைவிடுவதே இங்கு ஆபத்தானது.

வரைபடம் இயல்பாக இருந்தாலும் சில வேளைகளில் ஆய்வு தொடரும். சிலவகை மைலோமாக்களில் புரதத்தின் சிறு துண்டுகளே சுரக்கப்பட்டுச் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், கூர்முனை தோன்றாமற்போகலாம். ஆதலால் இம்யூனோஃபிக்சேஷன், லைட் செயின் அளவு, சிறுநீர், எலும்புமஜ்ஜை ஆகிய பரிசோதனைகளை மருத்துவர் கூறினால் தயங்கவேண்டாம்.

குடும்பத்தார் கவனத்திற்கு

• இப்பரிசோதனைக்குப் பொதுவாக வெறும் வயிறு தேவையில்லை. உடன் செய்யும் பிற பரிசோதனைகளுக்குத் தேவையா என்று கேட்டறியுங்கள்.

• பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றை நிறுத்துவதால் எம் புரதம் குறையாது. அது உணவிலிருந்து வருவதன்று. உணவுக் கட்டுப்பாட்டை மருத்துவர் கூறினால் மட்டும் மேற்கொள்ளுங்கள்.

• எலும்புவலிக்குத் தாமாக வலிநிவாரணி மாத்திரை வாங்கி உண்பதைத் தவிருங்கள். அவற்றுட் சில சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

• பழைய அறிக்கைகளைப் பாதுகாத்து வையுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்தால் ஒப்பிடுவது எளிது.

• புதிய எலும்புவலி, மிகுந்த சோர்வு, அடங்காத தாகம், திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் ஆகியவை தோன்றினால், குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

அடுத்த முறை அறிக்கையுடன் வரும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: கூர்முனை உள்ளதா? அதன் அளவு முன்னைவிடக் கூடியுள்ளதா? மறுபரிசோதனை எப்போது? இவற்றின் விடைகளைக் குறித்து வைத்துக்கொள்வது, அடுத்து வரும் ஒவ்வொரு அறிக்கையையும் அச்சமின்றிப் படிக்கத் துணைசெய்யும்.