ஏழாம் முறை எழுதியவர்

ஆண்டுதோறும் நமது ஆலய மண்டபத்தில், தேர்வில் சிறந்த பிள்ளைகளுக்குச் சன்மானம் வழங்குகிறோம். சிரம்பான் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கோ, அன்று மண்டபத்துக்கு வராத பிள்ளைகளின் நினைவே வரும். அவர்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர் கே. ஜெயகணேஷ். தந்தை தோல் தொழிற்சாலை ஊழியர். மகன் பொறியியல் படித்துப் பெங்களூரில் 2,500 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அதையும் விட்டுவிட்டு ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்தார். முதனிலை, முதன்மை, நேர்முகம் என அதில் மூன்று படிகள். எந்தப் படியில் தவறினாலும் மறுபடி முதலிலிருந்தே தொடங்க வேண்டும். பரமபதப் பாம்புகூடச் சில வேளை பாதி வழியில் விட்டுவிடும்! சென்னையில் ஒரு திரையரங்கச் சிற்றுண்டிச்சாலையில் பில் போட்டார், இடைவேளையில் பரிமாறினார்.

ஆறாம் முறையும் தவறிற்று. அவ்வேளை மத்திய உளவுத்துறையில் வேலை வந்தது. ‘சேர்ந்துவிடு தம்பி’ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். அவரோ எஞ்சிய கடைசி வாய்ப்பை எழுதினார். 2008-இல் முடிவு வந்தது: 156-ஆம் இடம்.

நம் நாட்டில் எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் அரசாங்க வேலைக்கு மனுப் போடுவதே கடினம். அப்பாடத்தை மறுபடி எழுத வழியுண்டு. கல்வி நிதியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கும்படி சபையைக் கேட்டுள்ளேன். சென்ற ஆண்டு ஒரு தாய் என்னிடம், “வாத்தியாரய்யா, பெயிலான பிள்ளைக்கும் கோயில்ல குடுப்பீங்களா?” என்றார். அன்று நான் பதில் சொல்லவில்லை.