ஓர் எக்ஸ் குறைந்தால்...

பதினான்கு வயதாகியும் பூப்பெய்தாத ஒரு பெண். உயரத்தில் பத்து வயதுத் தங்கையோடு சமம். “சிலருக்குத் தாமதமாகத்தான் வரும்” என்று வீட்டார் ஆறுதல் கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் சிலருக்கு இப்படிக் காத்திருப்பதில் சிகிச்சைக்குரிய காலம் வீணாகிறது.

1938இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் என்னும் மருத்துவர் இத்தகைய ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். குட்டையான உடல், கழுத்தின் இருபுறமும் தோல் மடிப்பு, பருவ வளர்ச்சியின்மை ஆகியவை அவர்களிடம் பொதுவாக இருந்தன. காரணம் மட்டும் விளங்கவில்லை.

துப்புக் கிடைத்தது எதிர்பாராத இடத்தில். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றது ஈடுசெய்துவிடும். எனவே நிறக்குருடு ஆண்களிடமே மிகுதி. ஆனால் லண்டனில் போலானி என்பவரும் அவர் குழுவினரும் 1956இல் டர்னர் பெண்களைச் சோதித்தபோது, ஆண்களிடம் காணும் அளவுக்கு அவர்களிடமும் நிறக்குருடு இருந்தது! அப்படியானால் இவர்களுக்கும் ஒரே எக்ஸ்தானோ? 1959இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் செல்களை எண்ணிப் பார்த்தார்கள். 46க்குப் பதில் 45 குரோமோசோம்கள். ஓர் எக்ஸைக் காணோம்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். எல்லாப் பெண்களின் செல்களிலும் ஓர் எக்ஸ் அடங்கித்தானே கிடக்கிறது? அது இல்லாவிட்டால் என்ன நட்டம்? நல்ல கேள்வி. அடங்கிய எக்ஸிலும் சில ஜீன்கள் விழித்திருக்கின்றன. எலும்பு வளர்ச்சிக்கு உதவும் ‘ஷாக்ஸ்’ ஜீன் அவற்றுள் ஒன்று. ஆண்களுக்கு அதன் இரண்டாம் பிரதி ஒய் குரோமோசோமில் உண்டு. டர்னர் பெண்ணுக்கு இருப்பது ஒன்றே; அதனால்தான் உயரம் குறைகிறது. சூலகத்திலுள்ள முட்டைச் செல்களும் பிறப்பதற்கு முன்பிருந்தே விரைவாக அழிகின்றன.

ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருத்திக்கு இது நேர்கிறது. பெற்றோர் செய்த தவறு ஏதுமில்லை. செல் பிரியும்போது நேரும் விபத்து. அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வளர்ச்சி ஹார்மோனைச் சிறு வயதிலேயே தொடங்கினால் உயரம் கூடும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் பருவ மாற்றங்கள் வரும். இருதயத்தையும் பார்த்தாக வேண்டும். பெருந்தமனி குறுகியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

பிறந்த பெண் குழந்தையின் புறங்கையும் புறங்காலும் வீங்கியிருந்தால் அனுபவமுள்ள நர்ஸ் உடனே டாக்டரிடம் சொல்வார். சிறிது ரத்தம் எடுத்து, வெள்ளணுக்களை இரண்டு மூன்று நாள் வளர்த்து, குரோமோசோம்களை எண்ணுவார்கள். சிலருக்கு 45 உள்ள செல்களும் 46 உள்ள செல்களும் கலந்திருக்கும். ஆகவே ஒன்றிரண்டோடு நிறுத்தாமல் முப்பது செல்களையாவது எண்ணுவது வழக்கம்.